கழற்றி மாட்டுகிற தட்டு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் செங்கம் பக்கத்துக் குழு ஒன்றின் சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் இரண்டு குழுவினர் எங்களைப் பிடித்து வைத்துக் கேட்டீங்க. "பௌர்ணமிக்கு திருவண்ணாமலைக்குச் சரக்கு கொண்டு போறீங்களே, ஊறுகாய் பாட்டில் உடையலையா? வண்டிக்குள்ள என்னமோ மேஜை மாதிரி வெச்சிருக்கீங்களே, அது என்ன?" என்று. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம். எங்களில் யாரும் தச்சு வேலையோ வெல்டிங் வேலையோ படித்தவர்கள் இல்லை. இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாவது தடவை சரியாக வந்தது. அந்தத் தப்புகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து 30 கிலோமீட்டர். சாமை அரிசி, மல்லாட்டை, புளி, மாங்காய் ஊறுகாய், எலுமிச்சை ஊறுகாய், வத்தல், வடகம், சுக்குப் பொடி, இவைதான் நாங்கள் விற்கிற சரக்கு. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் அங்கே எவ்வளவு ஜனம் நடக்கும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். அந்த ஒரு ராத்திரி வியாபாரம், சாதாரண நாளில் பத்து நாள் வியாபாரத்துக்குச் சமம்.

ஆனால் கூட்டம் உள்ள நாளில் வண்டியைக் கிரிவலப் பாதைக்குள் விட மாட்டாங்க. ஊருக்கு வெளியிலேயே நிறுத்தி, சரக்கை இறக்கிக் கையில்தான் தூக்கிப் போகணும். நிறுத்துகிற இடத்திலும் ரொம்ப நேரம் நிற்க முடியாது. பின்னாடி வண்டி ஹாரன் அடிப்பான், போலீஸ்காரர் விசில் ஊதுவார். அந்த அவசரத்தில் மூட்டைக்கு அடியில் மூட்டை, அதுக்கு மேலே பாட்டில் பெட்டி என்று அடுக்கியிருந்தால் எதை முதலில் எடுப்பது? மேலே இருப்பதை எடுத்து ரோட்டில் வைத்து, கீழே இருப்பதை இழுத்து, மறுபடி அடுக்கி... நாங்கள் பட்ட பாடு அது.

வண்டி எங்களுடையது இல்லை. எங்கள் ஊரில் ஒரு அண்ணன் வைத்திருக்கிற பொலிரோ, மஞ்சள் போர்டு போட்டது. நடுவில் ஒரு சீட், கடைசியில் எதிரெதிராக இரண்டு பக்கச் சீட் இருக்கிற வண்டி. பௌர்ணமிக்கு நாங்கள் எடுப்போம். மற்ற நாளில் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஸ்கூல் பிள்ளைகளை டூர் கூட்டிப் போக என்று ஊரே எடுக்கும். இதை மனதில் வெச்சுக்கோங்க, பின்னாடி வேண்டியிருக்கும்.

முதல் அடி எங்களுக்கு விழுந்தது ஒரு ஆட்டுக்குட்டியால். அப்போதெல்லாம் கடைசிச் சீட்டை மடக்கிவிட்டு, சாமை மூட்டைகளைப் போட்டு, அதன் மேல் ஊறுகாய்ப் பெட்டிகளை வைப்போம். சீட்டுச் சாய்மானத்துக்கு மேலேயே ஒரு பெட்டி நீட்டிக்கொண்டு இருக்கும். ரோட்டில் குட்டி குறுக்கே ஓட, டிரைவர் அண்ணன் பிரேக் போட்டார். வண்டி நின்றது, பெட்டி நிற்கவில்லை. நடுச் சீட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் உறுப்பினர் ஒருவரின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் வந்து விழுந்தது. பத்து நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடைந்த பாட்டில் 23. அந்த ராத்திரி வண்டி முழுக்க எண்ணெய், மிளகாய்த்தூள், கண்ணாடித் துண்டு. அண்ணன் எங்களைத் திட்டவில்லை, ஆனால் ஒரு வாரம் பேசவும் இல்லை.

பிறகு ஹைஸ்கூலில் அறிவியல் எடுக்கிற ஒரு டீச்சரிடம் கேட்டோம். அவங்க கணக்குப் போட்டுக் காட்டினாங்க. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, எதிலோ மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே கட்டாமல் கிடக்கிற 10 கிலோ பெட்டி ஏறத்தாழ 140 கிலோ பாரம் தள்ளுகிற மாதிரி முன்னாடி தள்ளுமாம். ஒரு நெல்லு மூட்டையைவிட அதிகம். எங்களுக்கு விழுந்தது வெறும் பிரேக். அதனால் தப்பித்தோம். ஆஸ்திரேலியா மாதிரி தூர ரோடு உள்ள நாட்டில், பின்னால் சாமான் ஏற்றுகிறவர்கள் சீட்டுக்கும் சாமானுக்கும் நடுவில் இரும்புக் கம்பி வலை வைத்துக்கொள்வார்களாம். அதையும் அந்த டீச்சர்தான் சொன்னாங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டில் எழுதினோம்: பொதுப் பணத்திலிருந்து வண்டிக்கு ஒரு பலகைத் தட்டு செய்வது என்று. அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என் வண்டியில ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது." வண்டி துருப்பிடிக்கும் என்பது மட்டும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டாண்டு வெல்டிங் பண்ணிவிட்டால் எஃப்.சி.க்குப் போகும்போது அவர்தான் பதில் சொல்லணும். நியாயமான பேச்சுதானே.

சரி என்று ஆசாரியைக் கூப்பிட்டோம். நல்ல வேலைக்காரர். 19 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு அடுக்குப் பெட்டி, பின்பக்கப் பலகை மட்டும் 12 மில்லிமீட்டர். வண்டிக்குள்ளே அளந்து, துண்டு துண்டாக உள்ளே கொண்டுபோய், உள்ளேயே ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். பார்க்க பீரோ மாதிரி அழகு. நாங்கள் எல்லாரும் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டோம். பாட்டில் உடையவில்லை. அசையவும் இல்லை. எப்படி அசையும்? 70 கிலோ கனம். இரண்டு பௌர்ணமி அப்படியே ஓட்டினோம். நடுவில் கழற்றி எடுக்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணனும் "பரவாயில்ல, இருக்கட்டும்" என்றுவிட்டார்.

அப்புறம் ஒரு ராத்திரி. மணி ஒன்றரை இருக்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. தேதிக்கு முன்னாடியே வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் தாங்காது என்று பெரியவங்க சொல்லி, அண்ணனை எழுப்பினாங்க. பொண்ணை நடுச் சீட்டில் படுக்க வைக்கணும். அவள் அம்மா, மாமியார், விவரம் தெரிந்த கிழவி ஒருத்தர், எல்லாரும் பின்னாடி உட்காரணும். பின்னாடி எங்கள் பீரோ.

கழற்றப் பார்த்தோம். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரால் திருகினோம். மொத்தம் 24 ஸ்க்ரூ. சிலது மரத்தோடு இறுகிவிட்டது. அப்படியே முழுசாக வெளியே இழுத்துவிடலாம் என்றால் கதவு வழியாக வரவில்லை. ஆசாரி உள்பக்கம்தான் அளந்தார், கதவு வாசலை அளக்கவில்லை. அவரிடம் அளக்கச் சொல்லாதது நாங்கள். கால் மணி நேரத்துக்கு மேலே போய்விட்டது. அந்தப் பொண்ணு திண்ணையில் உட்கார்ந்து வலியில் கத்துகிறாள், நாங்கள் பலகையோடு மல்லுக்கட்டுகிறோம். கடைசியில் விட்டுவிட்டு, நடுச் சீட்டில் பொண்ணு, கால்மாட்டில் தரையில் மாமியார், முன்னாடி அவள் வீட்டுக்காரர், அவ்வளவுதான் போனது. பெத்த அம்மா பின்னாடியே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போனாங்க.

அரசு மருத்துவமனையில் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் மறுநாள் அந்த அம்மா எங்களிடம் கேட்டாங்க: "உங்க பாட்டில் உடையக்கூடாதுன்னு பாத்தீங்களே, எம் பொண்ணு?" நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கு.

அன்றைக்கே பெட்டியை அறுத்து எடுத்தோம். சில உறுப்பினர்கள் இனிமேல் தட்டும் வேண்டாம், பலகையும் வேண்டாம், பஸ்ஸிலேயே தூக்கிப் போகலாம் என்றார்கள். ஒரு மாதம் அப்படியும் போனோம். பஸ்ஸில் எத்தனை பெட்டி ஏற்ற முடியும்? விற்றது பாதிதான். அப்போது பேசி முடிவெடுத்தது இது: இரண்டு பொம்பளைகள், எந்தச் சாவியும் ஸ்பேனரும் இல்லாமல், இருட்டில்கூட, ஐந்து நிமிஷத்தில் வெளியே எடுக்க முடியணும். அப்படி இருந்தால்தான் அது வண்டிக்குள் போகும். பாட்டிலைப் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

மூன்றாவது தடவை வழி காட்டியவரும் அதே ஆசாரிதான். "தீபத் திருவிழாவில் சாமி புறப்பாடு பாத்திருக்கீங்களா? வாகனத்தைத் தண்டோட சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கித்தானே கட்டறாங்க. ஆணியா அடிக்கிறாங்க? திருவிழா முடிஞ்சா அவிழ்த்து உள்ள வெச்சிடறாங்க. அது மாதிரி யோசிங்க" என்றார். வருஷா வருஷம் பார்க்கிற காட்சி, எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது செய்முறைக்கு வருகிறோம். அளவு எடுப்பதில்தான் பாதி வேலை, அதனால் அதை மெதுவாகச் சொல்கிறோம்.

வண்டிக்குள் டேப்பை வளைத்து வளைத்துப் பிடித்தால் அளவு தப்பும். இரண்டு விளக்குமாற்றுக் குச்சியை, இல்லை இரண்டு மூங்கில் சிம்பை, ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். ஒன்றை இடது சுவரில் முட்டவிட்டு, மற்றதை வலது சுவரில் முட்டும் வரை நகர்த்துங்கள். நடுவில் ரப்பர் பேண்டு போட்டு வெளியே எடுத்து டேப்பில் வைத்து அளங்கள். தரையோடு ஒரு தடவை, முழங்கால் உயரத்தில் ஒரு தடவை, சீட்டு சாய்மான உயரத்தில் ஒரு தடவை. மூன்றும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் வண்டியின் சுவர் நேராக இருப்பதில்லை. எது குறைவோ அதுதான் உங்கள் அளவு. சக்கரத்துக்கு மேலே உள்ள புடைப்புக்கு செய்தித்தாளை வைத்து அழுத்தி, மடிந்த இடத்தில் கத்தரித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டுக்குக் கைக்குழி வெட்டத் தெரிந்தவங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு.

பிறகு கதவு வாசலின் அகலம், உயரம். இதை மறந்தவர்கள் கதையைத்தான் இப்போது கேட்டீங்க.

எங்கள் வண்டியில் மடக்கின சீட்டுகளுக்கு நடுவில் 33 அங்குலம் கிடைத்தது. தட்டின் சட்டத்தை 31½ அங்குலமாகச் செய்தோம். இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் இடைவெளி. உள்ளே தள்ளவும் எடுக்கவும் அது வேண்டும். ஆழம் 38 அங்குலம். உங்கள் வண்டியில் வேறாக இருக்கும், எங்கள் அளவை அப்படியே எடுத்துப் போய்ப் பட்டறையில் கொடுத்துவிடாதீங்க.

உயரம் எப்படி வைத்தோம் என்றால், தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் டிரே இருக்கிறது அல்லவா, அதை வைத்துத்தான். எங்களிடம் உள்ளது நீளம் 21 அங்குலம், அகலம் 14, உயரம் 11½. தட்டுக்கு அடியில் இரண்டு டிரே பக்கம் பக்கமாகப் போகணும், மேலே கை நுழைய ஒன்றரை அங்குலம் இருக்கணும். ஆகவே அடி உயரம் 13 அங்குலம். தட்டின் மேல் வைக்கிற சாமானும் நடுச் சீட்டின் சாய்மானத்தைத் தாண்டக் கூடாது. டிரைவருக்குப் பின்னாடி கண்ணாடி வழியாக ரோடு தெரியணும்.

சட்டம் ஒரு அங்குலச் சதுர இரும்புப் பைப்பு. ஸ்டூல் மாதிரி நான்கு கால், மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, மேலே குறுக்கே இரண்டு. நாலு காலும் காது வைத்த நட்டால் பொருத்தியது, கையாலேயே திருகலாம். மேல் பலகை 12 மில்லிமீட்டர். அது எங்கள் பழைய பீரோவின் முதுகுப் பலகைதான், புதிதாக வாங்கவில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் தண்ணீர் தாங்குகிற ரகமா என்று கேட்டு வாங்குங்கள். 710 என்ற ஐ.எஸ். எண் போட்டிருந்தால் அது தண்ணீர் தாங்கும் ரகம். 303 என்று போட்டது வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்குச் சரி. ஊறுகாய் எண்ணெயும் மழைத்தண்ணியும் படுகிற இடத்தில் சீக்கிரம் உரிந்து வரலாம்.

பலகையைச் சுற்றி இரண்டு அங்குல உயரத்துக்கு விளிம்பு அடித்தோம், தட்டில் வைத்தது வழுக்கி விழாமல் இருக்க. கால்களுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். வழுக்காது, கிறீச் சத்தமும் வராது. பைப்பு முனைகளை மூடிவிடணும், வெல்டிங் பிசிறை அரம் போட்டுத் தேய்க்கணும். ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட். தேய்க்காமல் விட்ட ஒரு முனை எங்களில் இரண்டு பேர் புடவையைக் கிழித்தது. மொத்தக் கனம் ஏறத்தாழ 18 கிலோ. இரண்டு குடம் தண்ணியைவிடக் குறைவு.

கட்டுவதற்கு லாரிக்காரர்கள் வைத்திருக்கிற ராட்செட் பெல்ட் இரண்டு. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் இறுகும், நெம்பினால் விட்டுவிடும். வண்டித் தரையிலும், கடைசிச் சீட்டுச் சட்டத்திலும் கம்பெனியே வைத்த உறுதியான இரும்பு இருக்கிறது. அதில்தான் மாட்டுகிறோம், எங்கே மாட்டலாம் என்று அண்ணனே மெக்கானிக்கைக் கேட்டு வந்து சொன்னார். முதலில் தேங்காய்க் கயிறு போட்டோம், பத்து கிலோமீட்டரில் தளர்ந்துவிட்டது. பைக்கில் மாட்டுகிற ரப்பர் கயிறும் உதவாது. அது பிரேக் போடும்போது நீளும். நீளாத கயிறுதான் வேண்டும்.

ஏற்றும்போது சாமை மூட்டை, மல்லாட்டை மூட்டை முதலில். தரையில், நடுச் சீட்டின் முதுகை ஒட்டி, தட்டுக்கு அடியில். கனம் எல்லாம் கீழேயும் முன்னாடியும். அதற்குப் பின்னால் ஊறுகாய் டிரே இரண்டு, பாட்டிலுக்குப் பாட்டில் அட்டைத் தடுப்பு வைத்து. தட்டின் மேலே வத்தல், வடகம், துணிப்பை, பேனர், மடக்கு மேஜைத் துணி என்று லேசான சாமான் மட்டும். அதன் மேலும் ஒரு வலை போட்டுக் கட்டுகிறோம். கேஸ் சிலிண்டரை ஆட்கள் உட்காருகிற வண்டியில் ஏற்றுவதில்லை என்று தனித் தீர்மானமே போட்டுவிட்டோம். சுக்கு காபியை வீட்டிலேயே போட்டு, சூடு தாங்குகிற கேனில் கொண்டு போகிறோம்.

பொருளை ஏற்றுவதற்கு முன்னால் மணல் மூட்டை வைத்துச் சோதித்தோம். ஏரிக்கரை மண் ரோட்டில், யாரும் இல்லாத நேரம், வண்டிக்குள் டிரைவர் அண்ணன் மட்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக். முதல் தடவை தட்டு இரண்டு அங்குலம் முன்னாடி நகர்ந்தது. பெல்ட்டைக் குறுக்காக மாற்றிக் கட்டினோம், பிறகு நகரவில்லை.

செலவு மொத்தம் 6,850 ரூபாய், பலகைக் காசு இல்லாமல். பீரோவுக்குப் போட்டது 11,000, அது போனது போனதுதான். கணக்கில் அப்படியே எழுதியிருக்கிறோம், ஆடிட் பண்ண வந்தவங்களும் கேட்டாங்க, சொன்னோம்.

ஒரு சண்டையையும் சொல்லிவிட வேண்டும். தட்டு வைத்தால் கடைசிச் சீட்டில் யாரும் உட்கார முடியாது. உட்காரவும் கூடாது. டிரைவரோடு ஐந்து பேர், அதாவது நாங்கள் நாலு பேர்தான் வண்டியில். முன்பெல்லாம் எட்டுப் பேர் மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்து போவோம். யார் வண்டியில், யார் பஸ்ஸில் என்று இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. இப்போது முறை வைத்திருக்கிறோம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு டிக்கெட் காசு பொதுக் கணக்கில் போகும், கழுத்தில் அடிபட்ட அக்காவுக்கு மட்டும் முறை கிடையாது, அவங்க எப்பவும் வண்டியில். அதில் ஒருத்தருக்கு இன்னும் வருத்தம்தான். இங்கேயே உட்கார்ந்திருக்காங்க, சிரிக்கிறாங்க பாருங்க.

ஊருக்குத் திரும்பியதும், எந்த நேரமானாலும், தட்டை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். தூக்கம் கண்ணைக் கட்டும், விடியற்காலை நாலு மணி இருக்கும், "காலையில பாத்துக்கலாம்" என்று வாய் வரைக்கும் வரும். அந்தப் பொண்ணுடைய அம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் வண்டி போகணும். யாரும் சொல்வதில்லை.

பௌர்ணமி இல்லாத நாளில் அந்தத் தட்டு எங்கள் குழு அறை வாசலில் கிடக்கிறது, வடகம் காய வைக்க ரொம்ப வசதி. செய்ய விரும்புகிற குழுக்கள் வந்து பாருங்கள். வரும்போது ஒரு டேப்பும், இரண்டு பழைய செய்தித்தாளும் எடுத்து வாங்க. உங்களில் இரண்டு பேரைக் கண்ணைக் கட்டிவிட்டுக் கழற்றச் சொல்லுவோம். சுக்கு காபி எங்கள் செலவு.